உரித்த பூண்டு, 100 கிராம்

பழவேற்காடு
2 மார்ச் 2008

ரஷீத் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வியாழக்கிழமை நம் கடைக்கு ஒரு கனத்த உறை வந்தது. வாப்பா பெயருக்கு. மேலே தங்க நிறத்தில் ஒரு குடும்பம் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "அன்புள்ள திரு. ஜலாலுதீன் அவர்களே, எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளரே" என்று கடிதம் தொடங்கியது.

வாப்பா மூன்று முறை படித்தார். கல்லாவை விட்டு எழுந்து வீட்டுக்குள் வந்தார்.

"எவன் ஊட்டுல மளிகைக் கடை இருக்குது?"

உம்மா அரிசி களைந்துகொண்டிருந்தது. "நம்ம ஊட்டுலதான். இன்னா ஆச்சு இப்போ?"

"அப்ப எவன் ஊட்டுல சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயி உப்பு வாங்கினு வர்றது? என் பேர்ல! முப்பது வருஷமா பஜார்ல கடை வச்சிக்கினு நான் அவன்கிட்ட உப்பு வாங்குறேனாம். மதிப்புமிக்க வாடிக்கையாளராம்!"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தச் சூப்பர் மார்க்கெட்டின் உறுப்பினர் அட்டை. மூன்று வருடம் முன்பு, நீ கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லுக்குத் தினமும் வீட்டிலிருந்து போய் வந்தபோது வாங்கியது. படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் வாப்பா பெயர். நம் முகவரி. "வாப்பா அடுத்தவன் கடைக்கு மெம்பர் ஆயிட்டாரு" என்று என்னிடம் காட்டிச் சிரித்தாய். அடுத்த வருடம் வாப்பா மில்லை விட்டுக் கடையில் உட்காரச் சொன்னார்; நீயும் அவரும் சண்டை போட்டுக்கொண்டீர்கள். நீ போய்விட்டாய். அட்டையும் உன்னோடு போயிருக்கிறது.

கடிதத்துக்குப் பின்னால் பதினொரு தாள். "உங்கள் குடும்பத்தின் ஓராண்டு" என்று தலைப்பு. வாங்கிய ஒவ்வொன்றும். எந்த ஊர்க் கிளை, எந்தத் தேதி, எத்தனை மணி. நிமிடம் கூட.

ஏப்ரல் 14, மாலை 7.52, கும்மிடிப்பூண்டி. ரவை, சீயக்காய், பால்பாயிண்ட் ரீஃபில் மூன்று.

அண்ணா, நான் அசந்துபோனேன். அது நீ. ரீஃபில் மூன்று வாங்குகிறவன் வேறு யார்? மதரஸாவில் சொல்வார்களே, இரண்டு தோளிலும் இரண்டு வானவர்கள் உட்கார்ந்து நாம் செய்வதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று. சிறுவயதில் நான் தோளைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். எழுதுகிற சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது தாள் கையில் இருக்கிறது.

டிசம்பரிலிருந்து கிளை மாறியிருக்கிறது. திருவள்ளூர். அதை வாப்பாவும் பார்த்தார்.

இன்னொன்று. ஆறு மாதமாக நீயும் அச்சடித்த கடிதம்தான் அனுப்புகிறாய். அந்தக் கம்பெனியும் நீயும் ஒரே மாதிரி எழுதுகிறீர்கள். பேனாவை எடுத்து எழுதினால் என்ன?

வழக்கம்போல் என் பள்ளிக்கூட முகவரிக்கே போடு.

ஹுமைரா


திருவள்ளூர்
7 மார்ச் 2008

ஹுமைரா,

வ அலைக்கும் ஸலாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் திருவள்ளூரில் இருப்பது உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாய். இப்போது வாப்பாவுக்கும் தெரியும் என்கிறாய். பழியைக் கம்பெனி மேல் போடுகிறாய். எந்தக் கடையாவது வாடிக்கையாளரின் வீட்டுக்கு அவன் வாங்கிய உப்பை எழுதிப் போடுமா?

இந்தப் பத்தியை எழுதி முடித்து அந்தக் கடைக்குப் போனேன். சோப்பு ஒன்று வாங்கினேன். அட்டையைக் கொடுத்தேன். பில் போடும் பெண் அதைச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டினாள். பீப் என்றது. பில்லின் அடியில் பார்த்தேன். சிறிய எழுத்து. "கடைசி வருகை: 02.03, மாலை 6.10, திருவள்ளூர்." மாதக்கணக்காக இது என் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. ஒருநாளும் படித்ததில்லை.

மன்னித்துக்கொள். நீ சொல்லவில்லை.

காசைக் கொடுத்துப் பொருளை எடுத்தால் அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். கடைக்காரன் மகன். எனக்கே தெரியவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கறுப்புக் கோடுகள். இதற்குள் என் ஏப்ரல் 14 இருக்கிறது.

நீ வானவர்கள் என்கிறாய். வானவர்கள் தள்ளுபடி தருவதில்லை.

அந்தத் தாள்களை எரித்துவிடு. வாப்பா முழுதாகப் படிப்பதற்கு முன்னால். காரணம் கேட்காதே. இதற்குப் பிறகும் அவர் அதை வைத்திருந்தால் ஊர் மாறுவேன். உனக்கும் முகவரி தரமாட்டேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலை நன்றாகப் போகிறது. பக்கத்தில் பிரவுசிங் சென்டர் இருக்கிறது, அதனால்தான் அச்சு. வேறொன்றும் இல்லை.

ரஷீத்


பழவேற்காடு
13 மார்ச் 2008

அண்ணனுக்கு,

எரிக்க முடியவில்லை. தாள்கள் வாப்பாவின் கல்லாப்பெட்டிக்குள் இருக்கின்றன. அசர் தொழுகை முடிந்து கடையில் கூட்டம் குறையும் நேரத்தில் எடுக்கிறார். காதில் செருகிய பென்சிலை எடுக்கிறார். படிக்கிறார்.

முதல் இரண்டு நாள் கேலி. "பாரு இவன் வெலய. இதே பருப்பு நம்மகிட்ட இன்னா வெல?" மூன்றாம் நாள் கேலி நின்றது.

என்னைக் கூப்பிட்டார். "ஹுமைரா, இங்க வா. செப்டம்பர் பத்தாந்தேதி வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவ போயிருக்கான். அப்புறம் அக்டோபர் கடைசி வரைக்கும் ஒண்ணுமில்ல. அது நோன்பு மாசம். பேரீச்சம்பழம் கூட வாங்கல."

"ஊருக்குப் போயிருப்பான் வாப்பா."

"எந்த ஊருக்கு?"

நான் பருப்பு மூட்டையின் வாயைச் சுருட்டினேன்.

"சரி. திரும்பி வர்றான். அக்டோபர் முப்பது. இப்போ பாரு. மொத நாளு இன்னா வாங்குறான்? எவர்சில்வர் ஸ்பூன் ரெண்டு. நம்ம ஊட்டுல சோத்துக்கு யாரு ஸ்பூன் எடுத்தா?"

பென்சில் ஒவ்வொரு வரியாக நகர்ந்தது. உரித்த பூண்டு, 100 கிராம். நறுக்கிய பீன்ஸ், நறுக்கிய கேரட். முன்பெல்லாம் கட்டிச் சோப்பு. இப்போது அழுத்தினால் வருகிற புட்டிச் சோப்பு. மாதாமாதம் வாங்கிய ஷூ பாலிஷ் இல்லை; வாரில்லாத செருப்பு. சட்டை இல்லை, கழுத்து வழியாகப் போடுகிற பனியன் மூன்று. கைலி இல்லை, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேண்ட் இரண்டு.

"பணம் வந்திருக்கும் வாப்பா. சோம்பேறி ஆயிட்டான்" என்றேன்.

"பணம் வந்தவன் பாதாம் வாங்குவான், முந்திரி வாங்குவான். இவன் அரிசி அதே நொய் அரிசிதான் வாங்குறான். நொய் வாங்குறவன் பூண்ட உரிச்சு வாங்குவானா?"

பிறகு அவர் செய்ததை உனக்கு எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்படியே எழுதுகிறேன்.

கடையின் பின்கட்டுக்குப் போனார். மூட்டைகளுக்கு நடுவே. கொடியில் கிடந்த கைலியை எடுத்து, கட்டியிருந்ததன் மேலேயே சுற்றினார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். இடது கையால் மட்டும் முடிபோடப் பார்த்தார். நழுவியது. மறுபடி. நழுவியது. சுவரில் சாய்ந்துகொண்டு, பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு, மறுபடி. அறுபத்திரண்டு வயது. நான் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் நின்றேன்.

கைலி காலடியில் விழுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பூண்டுக் கூடையிலிருந்து ஒரு பல் எடுத்தார். அதையும் ஒரு கையால். ரொம்ப நேரம்.

பதினொரு தாளையும் நானும்தான் படித்தேன், அண்ணா. எனக்குச் சாமான்கள் தெரிந்தன. அவருக்கு உன் கை தெரிந்திருக்கிறது.

எந்தக் கை?

ஹுமைரா

பி.கு.: பட்டியலில் ரீஃபில் என்று வருகிற இடத்தையெல்லாம் வாப்பா வட்டம் போட்டு வைத்திருக்கிறார். செப்டம்பரோடு வட்டங்கள் நின்றுவிடுகின்றன. ஏன் வட்டம் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார்.


திருவள்ளூர்
18 மார்ச் 2008

ஹுமைரா,

வலது கை. நான்கு விரல்கள் போய்விட்டன. கட்டைவிரல் இருக்கிறது.

செப்டம்பர் 11. மில்லில் இரவு ஷிப்ட் முடியப்போகும் நேரம். பழுக்கக் காய்ந்த இரும்புக் கம்பி தடம் மாறி வந்தது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. என்னோடு வேலை பார்த்த விமல்தான் ஆஸ்பத்திரியில் இருந்தான். பிறகு அவன் அறையில் நாற்பது நாள். எனக்குச் சோறு ஊட்டினான். நோன்பு வைக்கவில்லை. பெருநாளன்று பக்கத்துக் கடையில் பிரியாணி வாங்கிவந்து, "உங்க ஊட்டு பிரியாணி மாரி இல்ல, அட்ஜஸ் பண்ணிக்கோ பாய்" என்றான்.

இப்போது அந்தப் பிரவுசிங் சென்டரில்தான் வேலை. அதைத்தான் பக்கத்தில் இருக்கிறது என்றேன். பொய் சொல்லவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் கம்ப்யூட்டர். ஒரு கை போதும்.

"மில்லுக்குப் போனா கையக் குடுத்துட்டு வருவே. தராசு புடிக்கிறவன் கைக்கு ஒண்ணும் ஆவாது." சண்டையன்று வாப்பா சொன்னது இது. உனக்கு நினைவிருக்கும். அந்தக் கையைக் கொண்டுவந்து அவர் முன்னால் எப்படி நீட்டுவேன்? அதனால்தான் எரிக்கச் சொன்னேன். தாமதமாகிவிட்டது.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நேராகச் சூப்பர் மார்க்கெட் மேனேஜரிடம் போனேன். பெயர் ராஜமாணிக்கம். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். "என்னைப் பற்றி எழுதி வைத்ததை அழியுங்கள்" என்றேன். அவருக்குப் பெருமையாகிவிட்டது. நாற்காலி போட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க சார், உங்க சோப்பு எப்போ தீரும்னு சிஸ்டமே சொல்லும். தீர்றதுக்கு மூணு நாளு முன்னாடி பில்லுல ஆஃபர் வரும். உங்களுக்கு வந்துச்சா இல்லியா?"

வந்தது. நான் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

"எங்களுக்கு நீங்க யாருன்னு ஒரு ஐடியா இருக்குது சார்" என்றார். திரையின் ஓரத்தில் ஒரு கட்டம். அதில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "தனியாக வாழும் ஆண். நேரமில்லாதவர். வசதி உயர்ந்து வருகிறது."

ஹுமைரா, நான் சிரித்துவிட்டேன். ஆறு மாதத்தில் அன்றுதான் சிரித்தேன். அரிசி தெரியும். சோப்புத் தீரும் நாள் தெரியும். நான் எத்தனை மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறேன் என்று தெரியும். கையை மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதுதான் தெரியவில்லை.

பழவேற்காட்டில், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பென்சிலோடு ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. சிரிப்பு நின்றுவிட்டது.

அழிக்க முடியுமாம். ஒரு படிவம் உண்டு. ஆனால் அட்டை வாப்பா பெயரில். "உங்க ஃபாதர் சைன் போடணும் சார், நீங்க போட்டா செல்லாது." நான் மறைவதற்கே அவர் கையெழுத்து வேண்டும்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். வாங்கித் தா. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் அனுப்புவார்களாம்; அடுத்தது ஜூனில். அதற்குள். ஒவ்வொரு மூன்று மாதமும் அவர் என் ஸ்பூனை எண்ணிக்கொண்டிருக்க என்னால் முடியாது. கையெழுத்து வந்தால் இந்த ஊரிலேயே இருப்பேன். வராவிட்டால் விமல் பெங்களூரில் ஒரு இடம் பார்த்துவைத்திருக்கிறான். அங்கிருந்து எழுதமாட்டேன்.

ரஷீத்


பழவேற்காடு
26 மார்ச் 2008

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நான்கு விரல்கள் என்ற இடத்தில் உம்மா என் வாயைப் பொத்தியது. பிறகு எடுத்தது. "படி" என்றது.

படிவத்தை வாப்பாவிடம் சனிக்கிழமை கொடுத்தேன். கை விஷயம் சொல்ல வாய் எடுத்தேன். "தெரியும்" என்றார். எந்தக் கை என்று சொல்லப்போனேன். "வலது" என்றார்.

படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். அதைக் கல்லாவில் போட்டார். சாமான் கட்டினார். ஞானம்மா வந்தது, புளி வாங்கியது. சின்னப்பொண்ணு வந்தது. அது போனபிறகு, தராசைத் துடைத்துக்கொண்டே பேசினார். என்னிடமா, தராசிடமா தெரியவில்லை.

"தோ போறாளே, இவ புருஷன் போன வருஷம் குடிய வுட்டான். ஊருக்கு எப்போ தெரியும்? ரெண்டு மாசம் கழிச்சி. எனக்கு மூணாம் நாளே தெரியும். திடீர்னு சக்கரை ரெண்டு மடங்கு வாங்கினு போறான். குடிய வுட்டவனுக்கு இனிப்பு கேக்கும். நான் கேட்டேனா? அவன்கிட்டயே கேக்கல. அரைக் கிலோ கேட்டா முக்காக் கிலோ போட்டேன், அவ்ளோதான். யார் ஊட்டுக்காவது எழுதிப் போட்டேனா?"

"இல்ல வாப்பா."

"இவன் போடுறான். பேரு போட்டு, மணி போட்டு, தங்கக் கலர்ல போடுறான்." தராசுத் தட்டைத் திருப்பித் துடைத்தார். "போட்டதாலதான் எனக்குத் தெரிஞ்சிது. அதான் பேஜாரா இருக்குது."

எனக்கும் அதுவேதான். கோபப்பட வேண்டிய இடம் இது. நம் வீட்டு அடுக்களைக்குள் யாரோ நின்றிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையிலிருந்துதான் உன்னை வாங்கிக்கொண்டோம். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, வாப்பா கடையைச் சாத்தினார். செவ்வாய்க்கிழமை! உம்மா வாசலுக்கு வந்தே பார்த்தது. "எங்க போறீங்க?" "பொன்னேரிக்கு" என்றார். கல்லாவிலிருந்து அந்தத் தாள்களில் அட்டை எண் போட்டிருந்த முதல் தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எட்டு மணி பஸ். திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. பொன்னேரிக்குப் போய்வர அவ்வளவு நேரம் ஆகாது. கையில் ஒன்றும் இல்லை. பை காலியாக இருந்தது. கால் கழுவினார்.

"சொளவரம் ஏரியில தண்ணி நல்லா கீது" என்றார், உம்மாவிடம். பொன்னேரிக்குப் போகிற வழியில் சோழவரம் இல்லை. உம்மா டீ போட உள்ளே போனது.

படிவத்தைக் கேட்டு வாங்கினார். கையெழுத்துப் போட்டார். எந்த இடத்திலும் நிற்காமல், ஒரே வீச்சில். மடித்து என்னிடம் தந்தார்.

"அவன் கேக்குறத குடுத்துடு. இனிமே அந்தத் தாளு எனக்கு வேணாம்."

இதோ வைத்திருக்கிறேன். இனி உன்னை எங்களுக்கு யாரும் எழுதி அனுப்பமாட்டார்கள்.

கணக்கு மூடப்படும் காரணம் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதை நீ நிரப்ப வேண்டும் என்று விட்டிருக்கிறார்.

ஹுமைரா


திருவள்ளூர்
1 ஏப்ரல் 2008

ஹுமைரா,

எழுத்து கோணலாக இருக்கிறது. பொறுத்துக்கொள். இடது கை. இந்த ஒரு பக்கத்துக்கு நான்கு நாள் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை படிவத்தோடு போனேன். பில் போடும் பெண் பூமிகா முதலில் அட்டையைக் கேட்டாள். பீப். திரையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். முதல் தடவையாக.

"சார், நீங்கதானா அது? ஒரு நிமிசம்" என்று கீழே குனிந்து ஒரு பையை எடுத்தாள். மேலே ரப்பர் பேண்டில் பில்.

25.03. காலை 11.40. திருவள்ளூர். அட்டைதாரர்: ஜலாலுதீன்.
இரட்டைக் கோடு நோட்டு 1.
பென்சில் 2.

"தொப்பி போட்ட ஒரு பெரியவர் வந்தாரு சார். கடைய ஒரு மணி நேரம் சுத்திச் சுத்திப் பாத்தாரு. ஒவ்வொரு பாக்கெட்டா எடுத்து மோந்து மோந்து பாத்துக்கினு இருந்தாரு. செக்யூரிட்டி பின்னாடியே போனாரு. அப்புறம் இத எடுத்துக்கினு வந்து, ஒரு தாளக் காட்டி, இந்த நம்பர்ல போடும்மான்னாரு. கார்டுக்காரன் வருவான், குடுத்துடுன்னாரு."

"என் வீட்டு விலாசம் கேட்டாரா?"

"நானே சொன்னேன் சார், சிஸ்டத்துல செல் நம்பர் இருக்கு, தரட்டான்னு. வேணாம்மா, அவன் குடுக்கட்டும்னுட்டாரு."

நான் பில்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை சேர்ந்தது. நான் இருந்த இடம் அங்கிருந்து இரண்டு தெரு. அவர் வந்திருக்கிறார். நின்றிருக்கிறார். திரும்பிவிட்டார்.

ரீஃபில்களைச் சுற்றி அவர் போட்ட வட்டம் இதற்குத்தான். பட்டியலில் எதெல்லாம் மாறியது என்று பார்த்தவர், எது திரும்பி வரவே இல்லை என்றும் பார்த்திருக்கிறார்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற நோட்டு. மூன்று பக்கம் அ மட்டும். பிறகு உன் பெயர். ஹு வரவே மாட்டேன் என்கிறது.

அன்று கொடுக்காமல் திரும்பிய படிவத்தை இன்று கொடுத்துவிட்டேன். காரணம் என்ற கட்டத்தை அங்கேயே நின்று நிரப்பினேன். இடது கையால். ராஜமாணிக்கம், "சொல்லுங்க சார், நான் எழுதிக்கறேன்" என்றார். இல்லை என்றேன். ரொம்ப நேரம் ஆயிற்று. பூமிகா மூன்று பேருக்குப் பில் போட்டுவிட்டாள். அவர் வாங்கிப் படித்தார். "இதுக்கெல்லாம் சிஸ்டத்துல ஆப்ஷன் இல்லியே சார்" என்றார்.

நான் எழுதியது இவ்வளவுதான்: எங்கள் ஊரில் எங்களுக்கே ஒரு கடை இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குள் வந்துவிடுவேன். பெங்களூர் வேண்டாம் என்று விமலிடம் சொல்லியாயிற்று. வாப்பாவிடம் சொல். நீ சொல்லித்தான் அவருக்குத் தெரியவேண்டும்.

பூண்டை உரித்து வைக்க வேண்டாம் என்றும் சொல். முட்டிக்கு அடியில் அழுத்திவைத்து உரிக்கப் பழகியிருக்கிறேன். ஒரு பல்லுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

ரஷீத்